பிடித்த உணவு எது என்று கேட்டால் ஏன் வாயடைத்துப் போகிறோம்?

வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ விரும்புகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதன் பேச்சுத் தேர்வுக்குத் தயாராக வருகிறவர்களிடம் முதல் நாளே நான் கேட்கும் கேள்வி, "உங்களுக்குப் பிடித்த உணவு எது?" என்பதுதான். எளிய கேள்விதானே என்று நினைத்துக் கேட்பதில்லை. ஒருவருடைய ஆங்கிலம் எந்த நிலையில் இருக்கிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது என்பது இந்த ஒரு கேள்வியில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒருமுறை, வெளிநாட்டு மருத்துவமனையில் வேலைக்கு முயன்றுகொண்டிருந்த செவிலியர் ஒருவர் பயிற்சிக்கு வந்தார். கேள்வியைக் கேட்டதுமே எட்டு வாக்கியங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பீட்சா, அதன் மேல் உருகும் சீஸ், வார இறுதியில் நண்பர்களோடு உணவகம், நடுவில் சத்துணவைப் பற்றி ஓர் அறிவுரை. பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குரல் ஓரிடத்திலும் ஏறவில்லை, இறங்கவில்லை. "கடைசியாக எப்போது பீட்சா சாப்பிட்டீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவ்வளவுதான். கண்கள் மேல்கூரைக்குப் போய்விட்டன. விசாரித்தால், அவருக்குப் பீட்சா பிடிக்கவே பிடிக்காதாம். இணையத்தில் கிடைத்த மாதிரி விடையை இரண்டு நாள் மனப்பாடம் செய்திருக்கிறார். உண்மையில் பிடித்தது அரிசிக் கஞ்சி. "கஞ்சியைப் பற்றிப் போய் ஆங்கிலத்தில் என்ன சார் சொல்வது?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எத்தனையோ பேர் தங்கள் சொந்த நாக்கின் சுவையை மறைத்துவிட்டு, யாருடைய சுவையையோ இரவல் வாங்கிக்கொண்டு தேர்வறைக்குள் நுழைகிறார்கள். அதனால் மதிப்பெண் கூடுவதில்லை, குறையத்தான் செய்கிறது.

தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடங்கள். தேர்வாளர் ஒருவர், நீங்கள் ஒருவர். உரையாடல் முழுவதும் பதிவு செய்யப்படும். முதல் பகுதியில் 4 அல்லது 5 நிமிடம் வீடு, வேலை, உணவு போன்ற பழகிய செய்திகளைக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில், பேச வேண்டிய பொருள் எழுதிய ஓர் அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். மூன்றாம் பகுதி அதே பொருளை ஒட்டிய பொதுவான விவாதம். மதிப்பிடுவது நான்கு கூறுகளை: தடையின்றித் தொடர்புடன் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு.

இந்த நான்கில் எதிலாவது "நல்ல உணவைத் தேர்ந்தெடுத்தார்" என்று இருக்கிறதா? நீங்கள் சாப்பிடுவது உயர்ந்ததா, சாதாரணமானதா என்று அங்கே யாரும் எடை போடுவதில்லை. சமைக்கவே பிடிக்காது என்றும் சொல்லலாம். எதைப் பற்றி உங்களால் தயங்காமல் பேச முடியுமோ, அதுதான் உங்களுக்கு நல்ல உணவு.

மனப்பாட விடை ஏன் காட்டிக்கொடுக்கிறது என்பதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. எல்லோரும் பேச்சின் நடுவே நிற்கத்தான் செய்கிறார்கள், தாய்மொழியில் பேசும்போதுகூட. எதற்காக நிற்கிறோம் என்பதுதான் செய்தி. என்ன சொல்லலாம் என்று யோசிக்க நிற்பதை உயர்ந்த மதிப்பெண் நிலைகளிலும் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லையும் இலக்கணத்தையும் தேடி அடிக்கடி நிற்பதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஒப்பிக்கிறவரோ யோசிக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுகிறார். எதிர்பாராத துணைக்கேள்வி வந்ததும் சொல் தேடி நின்றுவிடுகிறார். அந்த இரண்டு வேகங்களுக்கும் இடையிலான வேறுபாடு பழகிய காதுக்கு உடனே தெரியும்.

அடுத்தது சொற்கள். உணவு என்றாலே நம்மவர்கள் வாயில் இரண்டு சொற்கள்தாம்: டேஸ்டி, டெலிஷியஸ். இவை தவறல்ல. ஆனால் கேட்கிறவர் மனத்தில் எதுவும் தோன்றுவதில்லை. தமிழில் மொறுமொறு, கரகரப்பு, குழைவு, வழவழப்பு, சுள்ளென்ற காரம், நாக்கைச் சுண்டும் புளிப்பு என்று எவ்வளவு துல்லியமாகப் பேசுகிறோம்! அந்தத் துல்லியத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோக வேண்டும். கிரிஸ்பி, க்ரீமி, ஸ்மோக்கி, பிளாண்ட், டெண்டர் போன்ற சொற்கள் எளியவைதாம். சரியான இடத்தில் விழும்போது அவற்றுக்குப் பெரிய மதிப்பு. ஹாட் என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. அது காரத்தையும் குறிக்கும், சூட்டையும் குறிக்கும். காரம் என்றால் ஸ்பைசி என்று சொல்லிவிடுவது குழப்பமற்றது. இதை விட்டுவிட்டு, உணவுக்கலை பற்றிய பகட்டான சொற்களையும் மரபுத்தொடர்களையும் பட்டியல் போட்டு உருப்போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. பொருந்தாத இடத்தில் செருகிய மரபுத்தொடர் சோற்றில் கல்லைப் போல நெருடும்.

சில வேளைகளில் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேரான சொல்லே கிடைக்காது. கைப்பக்குவம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இந்த இடத்தில் தவித்து, மன்னிப்புக் கேட்டு, பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். ஒரே பொருள்களை வைத்து, ஒரே முறையில் நானும் செய்கிறேன்; ஆனாலும் என் அம்மா செய்வதுபோல் வருவதில்லை, அளவு அவருடைய கைக்குத் தெரிந்திருக்கிறது என்று எளிய ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துச் சொல்லுங்கள். தெரியாத சொல்லை வேறு சொற்களால் விளக்கும் திறமையைச் சொல்வளத்தின் பகுதியாகவே மதிப்பிடுகிறார்கள். சொல் கிடைக்காத அந்த இடம், உங்கள் திறமையைக் காட்டக் கிடைத்த வாய்ப்பு.

தமிழ் வழியாக வரும் சில பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அம்மா நன்றாகச் சமைப்பார் என்பதற்கு அம்மா ஒரு நல்ல குக்கர் என்கிறார்கள். ஆங்கிலத்தில் குக் என்பதுதான் சமைக்கும் ஆள். குக்கர் என்றால் சமைக்கும் சாதனம். உச்சரிப்பில் வெஜிடபிள் என்ற சொல்லின் கடைசியில் மேசையைக் குறிக்கும் டேபிள் கேட்கக் கூடாது. ரெசிப்பி என்பதற்கு மூன்று அசை. பணம் கட்டியதற்குத் தரும் ரசீது வேறு சொல். சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பான டெஸர்ட்டுக்கு அழுத்தம் இரண்டாம் அசையில்; முதல் அசையில் அழுத்தினால் பாலைவனமாகிவிடும். படர்க்கை ஒருமையில் வினையின் இறுதியில் வர வேண்டிய 'ஸ்' ஒலியோ, பாதிப் பேருக்குக் காணாமலே போய்விடுகிறது. அம்மாவைப் பற்றிப் பேசும் ஒரு நிமிடத்தில் அது ஐந்தாறு முறையாவது வரும் என்பதால், உணவுப் பேச்சில் இந்தப் பிழை தப்பவே தப்பாது. நம் தமிழ்ச் சாயல் ஒலியைப் பற்றி மட்டும் வெட்கப்பட வேண்டாம். பேச்சு தெளிவாகப் புரிந்தால் போதும்.

முதல் பகுதியில் விடை இரண்டிலிருந்து நான்கு வாக்கியம் இருந்தால் அழகு. ஒற்றைச் சொல்லில் முடித்தால் மதிப்பிட எதுவும் இல்லை. சொற்பொழிவு ஆற்றினால் தேர்வாளர் இடைமறிப்பார். இடைமறித்ததும் பலருடைய முகம் வாடிவிடுகிறது. அவருக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, அதற்காகத்தான் நிறுத்துகிறார். கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

செவிலியருக்கு வருகிறேன். அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் தந்து, கஞ்சியைப் பற்றியே பேசச் சொன்னேன். முதலில் முழு வாக்கியம் எழுதத் தொடங்கினார். அரை வாக்கியத்தில் நேரம் முடிந்துவிட்டது. மறுமுறை சொற்களை மட்டும் எழுதச் சொன்னேன். தாளில் ஐந்தே சொற்கள் இருந்தன: காய்ச்சல், பாட்டி, ஆவி, உப்பு, இரவுப் பணி.

அந்த ஐந்து சொற்களை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பேசினார். சிறுவயதில் காய்ச்சல் வந்தால் பாட்டி கஞ்சி வைப்பார் என்று தொடங்கியபோது, பழைய வழக்கத்தைச் சொல்லும் யூஸ்டு டு என்ற தொடர் யாரும் நினைவூட்டாமலே வந்தது. கிண்ணத்தின் ஆவியில் பாட்டியின் கண்ணாடி மங்கிப்போகும் என்றார். இப்போது இரவுப் பணி முடித்து வந்து தானே வைத்துக்கொள்கிறேன் என்றபோது நிகழ்காலம். பாட்டி இருந்திருந்தால் உப்பு எவ்வளவு என்று கேட்டிருப்பேன் என்று முடித்தபோது, பல வாரம் சொல்லிக்கொடுத்தும் பிடிபடாத நிபந்தனை வாக்கியம் தானாகவே வந்து உட்கார்ந்தது. காலங்களைப் பயிற்சித் தாளில் தனித்தனியாகப் படித்தவர்தான். சொல்ல வேண்டிய ஒன்று இருந்ததால் அவை அவருக்குத் தேவைப்பட்டன.

மூன்றாம் பகுதியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே "எனக்கு", "என் வீட்டில்" என்றே நின்றுவிடக் கூடாது. மனிதர்கள், தலைமுறைகள், சமூகம் என்று பேச்சு விரிய வேண்டும். சிறுவயது உணவை மக்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். சற்று யோசித்தார். அந்த இடைவெளி எனக்குப் பிடித்திருந்தது. பிறகு, தன் வார்டில் மூன்று நாள் எதையும் தொடாத முதியவர்கள்கூட வீட்டிலிருந்து பாத்திரம் வந்ததும் எழுந்து உட்காருவார்கள், பசியைவிடப் பழக்கத்துக்கு வலிமை அதிகம்போல் தோன்றுகிறது என்றார். அந்த விடையில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. குறித்துக்கொண்டேன். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.