350-ஐ விற்பதற்கு முன் செயினைப் பாருங்கள்

சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பணிமனைகளில் ஒரே பேச்சு: "அண்ணே, 350 சிசி பைக் அலுத்துப்போச்சு, இழுக்கவே மாட்டேங்குது. குடுத்துட்டு 650 எடுக்கப்போறேன்." அந்த வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். செயின் ஓரிடத்தில் தொங்கும், கால் சுற்று தள்ளி விறைத்து நிற்கும். சில கண்ணிகள் துருவேறி மடங்கவே மடங்காது. செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் (பல்சக்கரத்தின்) பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கியாகியிருக்கும். இப்படி ஒரு வண்டி எப்படி இழுக்கும்? இதைக்கூடப் பார்க்காமல் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் பெரிய கடனில் மாட்டிக்கொள்கிறவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள்.

சிசி கூடினால் ஓட்டுகிற சுகமும் கூடும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் வேர். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு, அவ்வளவுதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 349 சிசி, சுமார் 20 குதிரைத்திறன். டிரையம்ப் ஸ்பீடு 400-க்கு 398 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். கூடியது 49 சிசி, குதிரைத்திறனோ இரண்டு மடங்கு. அடுத்து ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650: 648 சிசி, 47 குதிரைத்திறன், எடை 218 கிலோ. ஸ்பீடு 400 சுமார் 176 கிலோ. இரண்டிலும் 70 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்ததாக வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோவுக்கு வருகிற குதிரைத்திறன் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். 250 சிசி அதிகம் கொடுத்து வாங்கியது டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. 37.5 நியூட்டன் மீட்டர் இருந்த இடத்தில் 52 கிடைக்கிறது. கியரை இறக்காமலே வண்டி எழும்பும், இரட்டை சிலிண்டர் என்பதால் வேகத்தில் அதிர்வும் குறைவு. அது நல்ல சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் உங்கள் சாலையில் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று யோசித்தீர்களா?

சமதளத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போக ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பத்து குதிரைத்திறன்கூடத் தேவையில்லை. காற்றின் தடை வேகத்தோடு மளமளவென்று ஏறுவதால், 115, 120-ஐத் தொடும்போது 350-இன் இருபது குதிரைத்திறனும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் திணறுவது பழுதல்ல, அந்த வண்டியின் எல்லை. கொள்ளிடக் கரையிலும், கல்லணைக் கால்வாய்க் கரையிலும், வயலுக்கு நடுவே போகிற ஒற்றை வழித் தார்ச்சாலையிலும் 60-ஐத் தாண்டுவதே தப்பு. இங்கே இழுவை போதவில்லை என்று சொல்பவரில் பெரும்பாலோர் ஐந்தாவது கியரில் 35-ல் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்குகிறவர்கள். கிளாசிக் 350-இல் முழு டார்க் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது. மூன்றாவது கியருக்கு இறக்குங்கள், வண்டி தானாக எழும்பும். இறக்காமல் முறுக்கினால் எஞ்சின் உதறும், பின்சக்கர ஹப்பில் இடியைத் தாங்கும் கப்ளிங் ரப்பர் நசுங்கும், பிறகு ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் 'டக்'கென்று இடிக்கும். அதையும் "வண்டி பழசாயிடுச்சு" என்பார்கள். ரப்பர் செட்டின் விலை சில நூறு ரூபாய்தான்.

விற்கும் முடிவுக்கு முன் இதையெல்லாம் செய்துவிடுங்கள். செயின் தொய்வு பெரும்பாலான வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். இறுகிய கண்ணி இருந்தால் செயினை மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். டாப் கியரில் 60-ல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பாருங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இடவலமாக மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'கட்'டென்று பிடித்தால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காததற்கு அதுதான் காரணம், சிசி அல்ல. டயரில் காற்றை வண்டி ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். பங்க்கில் "நாற்பது போடுங்க" என்று சொல்வதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கதிர் அறுக்கும் மெஷின் வயலில் ஓடும் நாட்களில் பறக்கிற பதரும் தூசும் ஃபில்டர் மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். அட்டவணைப்படி மாற்றக் காத்திருக்காமல் அறுவடை முடிந்ததும் திறந்து பாருங்கள். அடைத்திருந்தால் புதிது போடுங்கள். ரேடியேட்டர் உள்ள 400 சிசி வண்டிகளில் இதே பதர் தகடுகளுக்கு இடையிலும் சிக்கும், ஃபேன் ஓயாமல் சுற்றும். பிரஷர் வாட்டர் அடித்தால் தகடு மடங்கிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு, குழாய்த் தண்ணீரை மெதுவாக உள்பக்கத்திலிருந்து வெளியே விடுங்கள். சூடான சைலன்ஸரோடு வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது, தீப்பிடிக்கும். வேதாரண்யம், நாகை பக்கத்து உப்புக்காற்றில் செயின் வாரத்திலேயே துருப்பிடிக்கும். மழையில் நனைந்தால் அன்றே துடைத்துச் செயின் லூப் (மசகு) போடுங்கள்.

பெரிய வண்டியின் எடையையும் சொல்லியாக வேண்டும். டிராக்டரின் கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) சாலையில் இறக்கிவிட்டுப் போன சேற்றிலும், காயப்போட்ட நெல் மேலும் 218 கிலோவோடு பிரேக் பிடிப்பது விளையாட்டல்ல. ஆற்றங்கரையில் பின்னால் ஆளை வைத்துத் திருப்பும்போது கால் ஒரு சாண் வழுக்கினால் தனி ஆளாகத் தாங்க முடியாது. செலவும் கூடுதல்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. மூன்றாம் நபர் காப்பீடும் 350-ஐத் தாண்டினால் இரு மடங்கு. இந்த இரண்டும் 400-க்கும் பொருந்தும்.

மாதத்தில் இரண்டு மூன்று முறை சென்னைக்கோ பெங்களூருக்கோ, மனைவியும் மூட்டையுமாக நான்கு வழிச்சாலையில் போகிறீர்களா? தாராளமாக 650 எடுங்கள். 80-லிருந்து லாரியைத் தாண்ட அதில் சக்தி மிச்சம் இருக்கிறது, 350-இல் இல்லை. ஆனால் ஷோரூம்காரர் காட்டும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், தம்பிகளே. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் ஊர்ச் சாலையில், வீட்டு ஆளைப் பின்னால் உட்கார வைத்து, மத்தியான வெயிலில் கடைத்தெரு நெரிசலுக்குள் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன்பாக, புதுச் செயின் செட் போட்ட உங்கள் 350-ஐயும் அதே வழியில் ஓட்டிப் பாருங்கள்.