இணையோட்டம்: "பேரலல்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

ஜெனரேட்டர் அறைகளில் "சிங்க் பண்ணியாச்சு", "பேரலல்ல ஓடுது" என்று இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். தமிழில் எழுத வரும்போது இரண்டுக்குமே "ஒத்திசைவு" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சிங்க் என்பது ஜெனரேட்டரை வெளி மின்சாரத்தோடு ஒத்துப்போக வைத்துச் சேர்க்கும் ஒரு கணத்து வேலை, பேரலல் அதற்கப்புறம் இரண்டும் சேர்ந்தே ஓடி மணிக்கணக்கில் நீடிக்கும் நிலை. கல்யாணமும் குடித்தனமும் ஒன்றா என்ன?

முதலில் எது பேரலல் இல்லை என்று பார்த்துவிடலாம். கரண்ட் போனதும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்பி ஜெனரேட்டருக்கு மாறுவது பேரலல் இல்லை. அங்கே ஒன்று இருந்தால் மற்றது கிடையாது. வெளியிலிருந்து வரும் மின்சாரமும் நம் ஜெனரேட்டரும் ஒரே பஸ்பாரில் (எல்லா இணைப்பும் வந்து சேரும் கனமான உலோகப் பட்டை) ஒரே நேரத்தில் சேர்ந்து லோடைச் சுமந்தால்தான் பேரலல்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. "பாரா" என்றால் பக்கத்தில், "அல்லேலோன்" என்றால் ஒன்றுக்கொன்று. வடிவியலில் இது எங்கேயும் சந்திக்காத கோடுகளுக்குப் பெயர், ஆனால் மின்சுற்றில் பேரலல் என்றால் இரண்டு முனைகளிலும் சந்தித்தே ஆகவேண்டும், புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். இலங்கைத் தமிழில் புழங்கும் "சமாந்தரம்" வடமொழிச் சொல், சமமான இடைவெளி என்று பொருள், அதிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் "பக்க இணைப்பு" பரவாயில்லை, சேர்வதைச் சொல்லிவிடுகிறது.

எனக்குப் பிடித்தது "இணை". ஈடு இணை இல்லை என்கிறோமே, அங்கே அது சமம். இரண்டு கம்பியை இணை என்றால் சேர்ப்பது. இந்த இயந்திரத்துக்கு இரண்டு பொருளும் அதே வரிசையில் பொருந்துகின்றன: முதலில் சமமாக வேண்டும், பிறகுதான் சேரலாம். ஜெனரேட்டர் "ஓடுது" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், அதனால் இணையோட்டம். "இணை இயக்கம்" என்றும் எழுதலாம், ஆனால் ஏதோ கட்சி மாதிரி தொனிக்கிறது.

சமம் என்றால் எதில்? மின்னழுத்தம், அதிர்வெண், கட்ட வரிசை (மூன்று ஃபேஸ் அலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடும் வரிசை), கட்டக் கோணம் (இரண்டு பக்கத்து அலைகளும் எவ்வளவு முன்பின்னாக இருக்கின்றன என்பது). கட்ட வரிசையை இயந்திரத்தை நிறுவும்போது சரிபார்த்தால் போதும், மற்ற மூன்றும் ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டியவை. இதற்கென்றே சிங்க்ரோஸ்கோப் என்று கடிகாரம் போல ஒரு மீட்டர், ஒரே முள். வெளி மின்சாரம் 50 ஹெர்ட்ஸிலும் ஜெனரேட்டர் 50.1-லும் இருந்தால் முள் 10 விநாடிக்கு ஒரு சுற்று நிதானமாகச் சுற்றும். அது இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் இடமான பன்னிரண்டை நெருங்கும்போது, தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பிரேக்கரைப் (இரண்டையும் சேர்க்கும் பெரிய சுவிட்ச், மூடினால் சேரும், திறந்தால் பிரியும்) போடவேண்டும், ஏனென்றால் பிரேக்கர் மூடவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முள் ஆறில் நிற்கும்போது போட்டால் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இரு மடங்கு அழுத்தம், ஜெனரேட்டருக்குள் சுழலும் ரோட்டரை ஒரே வெட்டாக இழுத்து, அதை எஞ்சினோடு சேர்க்கும் கப்ளிங்கை முறித்துவிடக்கூடும். அதனால்தான் கோணம் சரியில்லாவிட்டால் மூட விடாமல் தடுக்க ஒரு ரிலே (நிலைமையைப் பார்த்து பிரேக்கருக்கு உத்தரவிடும் கருவி) வைக்கிறார்கள்.

இந்தக் கணத்துக்குத்தான் "ஒத்திசைத்தல்" பொருந்தும். சிங்க்ரனைஸ் என்பதில் "சின்" கூட, "க்ரோனோஸ்" காலம், இதுவும் கிரேக்கம்தான். தமிழில் இசைவு என்றால் சம்மதம் என்றும் பொருள் உண்டு, அந்த ரிலே கொடுப்பதும் ஒரு சம்மதம்தானே. மொபைலில் தொடர்புகளை ஒத்திசைப்பது ஏற்கெனவே பழகிவிட்டதால் சொல் அந்நியமாகவும் தெரியாது.

சேர்ந்தபின் நடப்பது வேடிக்கை. தனியாக ஓடியபோது எரிபொருளைக் கூட்டினால் வேகம் கூடியது. இப்போது எவ்வளவு கூட்டினாலும் 4 துருவ இயந்திரம் 50 ஹெர்ட்ஸ் லைனில் நிமிடத்துக்கு 1500 சுற்றை விட்டு நகராது, கூட்டியதெல்லாம் கிலோவாட்டாக வெளியே போகும். ரொம்பக் குறைத்தால் எதிர்மாறு: வெளி மின்சாரமே ஜெனரேட்டரை மோட்டாராக்கி எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓடும். இதை ரிவர்ஸ் பவர் என்பார்கள், "எதிர்ப்பாய்வு" எனலாம், இதற்கும் தனி ரிலே உண்டு.

"கிரிட்" பற்றி ஒரு வரி. இறைச்சி வாட்டும் கம்பிச் சட்டத்தின் பெயரைச் சுருக்கி வந்தது அது, நமக்கு "மின்தொகுப்பு" போதும்.

கடைசியாக "ஐலண்டிங்". தொகுப்பில் மின்சாரம் போனபின்பும் நம் ஜெனரேட்டர் லைனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், அந்தத் துண்டு மட்டும் உயிரோடு இருக்கும் தீவாகிவிடும், லைனில் கரண்ட் இல்லை என்று நினைத்து வேலை செய்பவர் உயிருக்கே ஆபத்து. "தீவாதல்" என்று அப்படியே எழுதலாம், பொருள் கெடவில்லை. இதைக் கண்டதும் பிரேக்கர் திறந்துகொள்ள வேண்டும், அதன்பின் ஜெனரேட்டர் உள் லோடை மட்டும் சுமந்து தனியோட்டத்தில் இருக்கும். கரண்ட் திரும்பி வந்தால் நேராகப் போட முடியாது, மறுபடி அந்த முள்ளுக்கு முன்னால் போய் நிற்கவேண்டியதுதான்.