தாத்தாவின் ஊரைத் தேடுகிறீர்களா? பெயரை விட்டுவிட்டு மேட்டையும் ஆற்றையும் பாருங்கள்

குடும்ப வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெயர்களைத்தான் துரத்துகிறார்கள். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, கல்லறைக் கல்வெட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, வம்சாவளியை நாலைந்து தலைமுறைக்குப் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் அட்டைப்படத்துக்கு ஒரு பழைய வரைபடம் கிடைக்குமா என்று கேட்டு வருவார்கள். பழைய வரைபடங்களை ஒழுங்குபடுத்தித் தேடித் தருவது என் தொழில், அதனால் கேட்டதைக் கொடுத்துவிடுவேன். ஆனால் மனசுக்குள், இதை முதல் நாளே எடுத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்குமே என்று தோன்றாமல் இருந்ததில்லை.

ஏன் என்றால், பதிவேட்டில் இருப்பதெல்லாம் மாறக்கூடியது. ஆள் பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதுவார், ஊர்ப் பெயரை அரசாங்கம் மாற்றும், மாவட்ட எல்லை நகரும், சில இடங்களில் நாடே மாறிவிடும். மலைமுகடும் கணவாயும் பள்ளத்தாக்கும் அவ்வளவு லேசில் நகராது. தேடும்போது பிடித்துக்கொள்ள வேண்டியது அவற்றைத்தான்.

நான் சொல்வது சாதாரண மாவட்ட வரைபடத்தை அல்ல. சம உயரக்கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், போட்ட தலப்படம், பேச்சு வழக்கில் டோப்போ ஷீட். ஒற்றையடிப் பாதை, வண்டிப்பாதை, ஓடை, கிணறு, கல் குவாரி, செங்கல் சூளை, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், இடுகாடு, தனி வீடு என்று தரையில் இருந்ததை எல்லாம் குறியீடாகப் போட்டிருப்பார்கள். இவை நம் குடும்ப வரலாற்றுக்காக வரையப்பட்டவை அல்ல என்பது உண்மைதான். ஸ்காட்லாந்தில் 1745-இல் கிளம்பிய கலகத்தை அடக்கிய பிறகு, அந்த மலைநாட்டில் படையை நகர்த்துவதற்காக வில்லியம் ராய் 1747 முதல் 1755 வரை செய்த சர்வேதான் பின்னால் 1791-இல் பிரிட்டனின் வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே உருவாக முன்னோடி. இந்திய சர்வே துறை 1767-இல் தொடங்கியது, அமெரிக்காவின் புவியியல் அளவைத் துறை 1879-இல். படைக்கும் வரிக்கும் சுரங்கத்துக்கும் தேவைப்பட்ட தகவல்தான் எல்லாம். எங்கே வண்டி போகும், எங்கே ஆற்றில் இறங்கிக் கடக்கலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும்? சரி, ஒரு சாதாரணக் குடும்பம் எங்கே பெண் எடுத்தது, எந்தச் சந்தைக்குப் போனது, எந்த அலுவலகத்தில் குழந்தையின் பிறப்பைப் பதிந்தது என்பதையும் அதே மூன்று கேள்விகள்தானே தீர்மானித்தன!

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் கொள்ளுத்தாத்தாவின் பதிவுகளோடு வந்திருந்தார். வீட்டில் எல்லோரும் சொல்லும் ஊர் ஒன்று, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் பதிவாகியிருப்பது வேறோர் ஊரில். இன்றைய சாலையில் போனால் அது நல்ல தூரம். அதைவிட மிகப் பக்கத்தில், ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே தேவாலயத்தோடு ஓர் ஊர் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்? பங்காளிச் சண்டை, அதனால்தான் அந்தக் கரைக்கே போகவில்லை என்று குடும்பத்தில் ஒரு கதையும் வளர்ந்திருந்தது. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவையில் இருந்த பழைய ஷீட்டை எடுத்து விரித்தோம். இன்று பாலம் இருக்கும் இடத்தில் ஆறு மட்டும் ஓடுகிறது, பாலம் இல்லை, ஓடத்துறைகூட வெகு கீழே தள்ளித்தான் இருக்கிறது. இந்தக் கரையிலோ, இரண்டு குன்றுகளுக்கு நடுவே சம உயரக்கோடுகள் விலகி விலகிப் போகும் ஒரு தாழ்வு, அதன் வழியே புள்ளிக்கோடாக ஒரு வண்டிப்பாதை, நேரே பதிவுகள் இருந்த ஊருக்கே போய்ச் சேருகிறது. இன்றைய தார்ச்சாலை ஆற்றோடு சேர்ந்து வளைந்து வளைந்து போவதால் தூரமாகத் தெரிகிறதே தவிர, அன்றைக்கு அதுதான் பக்கத்து ஊர்.

சண்டையே நடக்கவில்லை என்று வரைபடம் நிரூபித்துவிடவில்லை. அவர்கள் போன வழியைப் புரிந்துகொள்ள ஒரு சண்டை தேவையில்லை என்று மட்டும் காட்டியது. அதற்கப்புறம்தான் உண்மையான பலன் வந்தது. அந்த வண்டிப்பாதையை ஒட்டியிருந்த குக்கிராமங்களைப் பட்டியல் போட்டு அவற்றின் பதிவேடுகளில் தேடச் சொன்னேன். கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு அந்தப் பட்டியலில்தான் அகப்பட்டது.

நடைதூரத்தை நீங்களே கணக்குப் போடலாம். நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. ஆறு மைல் தூரம், வழியில் ஆயிரம் அடி ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். ஏற்றத்தைக் கண்டுபிடிக்க, பாதை மேலே ஏறும்போது வெட்டிக்கொண்டு போகும் சம உயரக்கோடுகளை எண்ணி, கோட்டுக்குக் கோடு எவ்வளவு உயரம் என்று ஷீட்டின் அடியில் போட்டிருக்கும் இடைவெளியால் பெருக்குங்கள். அது நல்ல உடம்புள்ள மலையேறிக்கான கணக்கு, கைக்குழந்தையோடு போனவர்களுக்கு இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். கோடு நெருக்கமாக இருந்தால் செங்குத்து என்ற ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டாலே, பார்வைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் போனது ஏன் என்று பல இடங்களில் புரிந்துவிடும்.

இப்போது எச்சரிக்கைகள். வருகிறவர்களில் பலர் நேராகத் தங்கள் ஊரைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், ஓரத்தில் எழுதியிருப்பதைத் தொடுவதே இல்லை. அந்த ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது. சர்வே செய்த ஆண்டு, வெளியிட்ட ஆண்டு, திருத்திய ஆண்டு, மறுபதிப்பு ஆண்டு என்று நான்கு இருக்கலாம், நான்கும் வேறு வேறாக இருக்கலாம். பிரிட்டனின் ஆரம்பகால ஒரு அங்குல வரைபடங்களில், பல ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய செப்புத் தகட்டிலேயே புதிய ரயில்பாதையை மட்டும் சேர்த்துச் செதுக்கி மறுபடி அச்சடித்தார்கள், மற்றதையெல்லாம் திரும்ப அளக்கவில்லை. ரயில் தெரிகிறதே என்று அந்த ஆண்டை மொத்த ஷீட்டுக்கும் போட்டால், எப்போதோ இடிந்த பண்ணை வீட்டில் உங்கள் முன்னோரைக் குடிவைத்துவிடுவீர்கள். அமெரிக்க ஷீட்டுகளில் ஊதா நிறத்தில் சாலையோ கட்டடமோ இருந்தால், அது பின்னால் வான்படத்தைப் பார்த்துச் சேர்த்தது, களத்தில் போய்ச் சரிபார்க்காதது.

அடுத்தது, ஷீட்டில் கட்டடத்தைக் குறிக்கும் அந்தக் கறுப்புச் சதுரம். 'இதுதான் எங்கள் பூர்வீக வீடு' என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். 1:62,500 அளவையில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் அறுபத்திரண்டரை மீட்டர். அரை மில்லிமீட்டர் சதுரத்தை வீடு என்று அப்படியே எடுத்துக்கொண்டால், பக்கத்துக்கு முப்பத்தொரு மீட்டர் உள்ள அரண்மனை அது. சதுரம் வெறும் குறியீடுதான். இந்த இடத்தை ஒட்டி ஒரு கட்டடம் இருந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. வீடுகள் நெருக்கமாக இருந்தால் சிலவற்றை விட்டுவிடுவார்கள், சிலவற்றைச் சற்று நகர்த்தி வைப்பார்கள். நகரத்துக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க ஷீட்டுகளில் நெருக்கமான நகரப் பகுதி முழுவதும் ஒரு வண்ணப் பூச்சுதான், பள்ளி, தேவாலயம் போன்ற முக்கியக் கட்டடங்கள் மட்டும் தனியாகத் தெரியும். வரைபடத்தில் வீடு இல்லை என்பதால் தரையிலும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அமெரிக்க நகரத்து வீட்டைத் தேடுகிறவர்களை நான் டோப்போ ஷீட்டில் உட்காரவே விடுவதில்லை, தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்போர்ன் வரைபடங்களுக்கு அனுப்பிவிடுவேன். 1867-இல் தொடங்கிய அந்த வரிசையில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மர வீடு மஞ்சள் என்று சுவர் வரைக்கும் தெரியும்.

டோப்போ ஷீட்டில் வீட்டுக்காரர் பெயர் இருக்காது. அதற்குப் பக்கத்தில் வேறு ஆவணத்தை வைத்துப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் வீடு வீடாக நடந்து எழுதியவர், ஆகவே அவருடைய பதிவேட்டில் பெயர்கள் வரும் வரிசைக்கும் சாலையோரச் சதுரங்களின் வரிசைக்கும் ஒரு தொடர்பு இருக்கும். பள்ளியோ ஆலையோ ஒன்று இரண்டிலும் அடையாளம் கிடைத்தால் அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்கலாம். அயர்லாந்தில் தேடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: வரி போடுவதற்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டு 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு குடியிருப்பாளர் பெயருக்கும் எதிரே இருக்கும் எண், ஒரு மைலை ஆறு அங்குலமாக வரைந்த வரைபடத்தில் அவருடைய மனையைக் காட்டும்.

ஆர்ட்னன்ஸ் சர்வேக்குப் பெயர்ப் புத்தகங்கள் என்று ஒரு தொகுதி உண்டு. வரைபடத்தில் ஒவ்வோர் ஊருக்கும் எந்த எழுத்துக்கோர்வையைப் போடுவது என்று முடிவுசெய்ய, உள்ளூரில் யார் யாரைக் கேட்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று குறித்து வைத்த புத்தகங்கள். விவசாயி, பாதிரியார், பள்ளி ஆசிரியர் பெயரெல்லாம் அதில் கிடக்கும். தன் முன்னோர் அந்தப் பட்டியலில் இருப்பார் என்று முன்கூட்டி நினைத்துத் தேடுகிறவர்கள் மிகக் குறைவு. ஸ்காட்லாந்துப் புத்தகங்கள் இணையத்திலேயே இருக்கின்றன.

பழைய ஷீட்டை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்ப்பது இப்போது சுலபம், கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம்தான். இரண்டிலும் அடையாளம் தெரியும் புள்ளிகள் குறைந்தது மூன்று வேண்டும், கூடுதலாக எடுத்தால் நல்லது. தேவாலயம், பழைய பாலம், ரயில் குறுக்கே போகும் இடம் ஆகியவற்றை எடுங்கள். ஆற்று வளைவை மட்டும் எடுக்காதீர்கள், வெள்ளத்துக்கு வெள்ளம் அது இடம் மாறும். ஓரத்தில் இருக்கும் தீர்க்கரேகை எண்ணை அப்படியே போனில் போட்டால் வேறெங்கோ போய் நிற்கும். 1884-இல் வாஷிங்டன் மாநாடு தீர்க்கரேகையை எண்ணத் தொடங்கும் கோடாகக் கிரீன்விச்சைத் தேர்ந்தெடுத்த பிறகும் சில நாடுகள் தங்கள் பழைய தொடக்கக் கோட்டை விடவில்லை. ஆஸ்திரிய-ஹங்கேரிய ஷீட்டுகளில் ஃபெரோ என்ற தீவிலிருந்து எண்ணியிருப்பார்கள், கிரீன்விச்சோடு ஒப்பிட்டால் பதினேழு பாகைக்கு மேல் வித்தியாசம் வரும். தொடக்கக் கோடு ஒன்றாகவே இருந்தாலும், பூமியின் வடிவத்துக்கு அன்று எடுத்துக்கொண்ட கணக்கு வேறு. 1802-இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் பரங்கிமலை அருகே தொடங்கிய முக்கோண அளவையின் வழிவந்த பழைய இந்திய ஷீட்டுகள் எவரெஸ்ட் என்ற கணக்கில் இருக்கும், உங்கள் போனோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற இன்றைய கணக்கில் இயங்கும். இடத்தைப் பொறுத்து சில நூறு மீட்டர் கூடத் தள்ளிப்போகலாம். ஒரு கல்லறையைப் புதருக்குள் தேடுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஒரே ஷீட்டோடு நிறுத்தாமல், கிடைக்கிற எல்லாப் பதிப்பையும் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பாஸ்டன் நகரத்தின் குடிநீருக்காக மாசசூசெட்ஸில் குவாபின் நீர்த்தேக்கம் கட்டினார்கள். டேனா, என்ஃபீல்ட், கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்கள் 1938 ஏப்ரல் 28-ஆம் தேதி சட்டப்படி இல்லாமல் போயின. அதற்கு முந்தைய ஷீட்டில் தெரு, ரயில், இடுகாடு எல்லாம் இருக்கும், பிந்தையதில் நீல நிறம்தான். பதிவு ஏன் அந்த ஆண்டோடு நின்றது, கல்லறைகள் ஏன் வேறோர் ஊரின் புதிய இடுகாட்டில் இருக்கின்றன என்று குழம்புகிறவருக்கு இரண்டு ஷீட்டையும் அருகருகே வைத்தாலே போதும். பிரெஸ்காட்டின் மேட்டு நிலம் இன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம், பெயர் மட்டும் அப்படியே.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவுக்கு டோப்போவியூ தளம், 1884 முதலான ஷீட்டுகள் இலவசம். பிரிட்டனுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளம், பழையதையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகர்த்தலாம். பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பகுதிகளுக்கு அர்கானம் தளம். லெம்பர்க், லுவூஃப், லிவீவ் என்று ஒரே நகரத்துக்கு மூன்று பெயர் ஓடும் பகுதி அது, பெயரை நம்பித் தேடினால் தலை சுற்றும். இந்தியாவுக்கு, அமெரிக்க ராணுவம் 1950-களில் வெளியிட்ட 1:2,50,000 ஷீட்டுகளை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் போட்டு வைத்திருக்கிறது. அந்த அளவையில் வீடு தெரியாது, ஊரும் பாதையும் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டோப்போ ஷீட் சொத்துப் பத்திரம் அல்ல. வேலி மாதிரி தெரியும் கோட்டை எல்லை என்று எடுத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் நிற்காதீர்கள், மனை எல்லை வேண்டுமென்றால் அதற்குரிய நில அளவைப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை இருந்தது என்பதால் இன்று அதில் நடக்க உரிமை இருக்கிறது என்றும் ஆகாது. பாழடைந்த குடியிருப்பைப் பார்க்கப் போவதாக இருந்தால், ஷீட்டில் கிணறு, சுரங்கக் குழி என்று குறித்திருக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். மேலே புல் மூடியிருக்கும், குழி அப்படியே இருக்கும். நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டே இறங்குங்கள்.

அப்புறம், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். ஷீட்டில் உங்கள் ஊர் இருக்கும் பகுதியைப் பெரிதாக்கி அச்செடுத்து, ஒரு பென்சிலோடு அவர்கள் முன்னால் வையுங்கள். 'அந்தக் காலத்துல எப்படி இருந்தது?' என்று கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை என்பவர்கள், 'பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கமாப் போவீங்க?' என்று கேட்டால் கையே முன்னால் போய்விடும். அவர்கள் வைக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் எண் கொடுங்கள், பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள், எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பதிவு செய்தால் பிற்பாடு எது எங்கே என்று குழம்பாது. ஷீட் எண், சர்வே ஆண்டு, பதிப்பு ஆண்டு மூன்றையும் அச்செடுத்த தாளின் மூலையில் எழுதி வைக்க மறக்காதீர்கள், ஓரத்தை வெட்டிவிட்டு அச்செடுத்த படத்தைக் கொண்டுவந்து இது எந்த வருஷம் என்று கேட்டால் எங்களாலும் எளிதில் சொல்ல முடிவதில்லை.