பேட்டன்ட் முடிந்தால் மருந்து கெட்டுப்போவதில்லை

“தம்பி, டூப்ளிகேட் வேணாம், ஒறிஜினலாத் தாங்க.” பாமசிக் கவுண்டரில் நின்று இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: “இது பேட்டன்ட் முடிஞ்ச மருந்தாமே, வேலை செய்யுமா?” கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், கையிலுள்ள காசுக்கு விலைகூடிய ‘ஒறிஜினலில்’ பத்துக் குளிசையை மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாதத்தின் மிச்ச இருபது நாளும் கொலஸ்ட்ரோலுக்கு ஒன்றுமில்லை.

முடிவது மருந்தல்ல, தனியுரிமை. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 வருடம், கண்டுபிடித்த கொம்பனியைத் தவிர வேறெவரும் அதைச் செய்து விற்க முடியாது. அந்த உரிமையும் நாட்டுக்கு நாடு தனித்தனி. காலம் கழிந்ததும் யாரும் செய்யலாம், விலை இறங்கும். குளிசைக்குள் இருக்கும் சாமான் அதேதான். அட்டையின் ஓரத்தில் அடித்திருக்கும் காலாவதித் திகதிக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. ஒன்று சட்டத்தின் தவணை, மற்றது குளிசையின் ஆயுள். இரண்டையும் தயவுசெய்து குழப்பாதீர்கள்.

பேட்டன்ட் செத்தாலும் பெயர் சாகாது. வர்த்தகப் பெயரைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். லிப்பிட்டோர் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையின் தனியுரிமை அமெரிக்காவில் 2011 நவம்பரில் முடிந்தது. உள்ளிருக்கும் மருந்தான அட்டோர்வாஸ்டட்டினை இன்று எத்தனையோ கொம்பனிகள் செய்கின்றன. நீங்கள் கூடக் கொடுக்கும் காசு பெயருக்குத்தான். 1950களிலிருந்து பாவனையில் உள்ள நீரிழிவு மருந்து மெட்போர்மினுக்கு இனி என்ன பேட்டன்ட்? 2022இல் அதன் விலையும் ஏறியதற்குக் காரணம், டொலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது.

பேட்டன்ட் உண்மையில் கழுத்தை நெரிப்பது புதிய மருந்துகளில், முக்கியமாகப் புற்றுநோய்க்கு. 2012இல் இந்தியா கட்டாய உரிமம் (பேட்டன்ட் இருக்கும்போதே வேறு கொம்பனி செய்ய அரசு தரும் அனுமதி) வழங்கியபோது, மாதம் 280,000 இந்திய ரூபாயாக இருந்த புற்றுநோய் மருந்து சோரபெனிப் 8,800க்கு வந்தது. நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்திலும் அப்படியொரு வழி இருக்கிறது. கோபத்தை அந்தப் பக்கம் திருப்பினால் பிரயோசனம் உண்டு.

“மற்றக் கொம்பனிக் குளிசையில் மருந்து 80 வீதம்தான்” என்பது இன்னொரு கதை. 80 முதல் 125 என்பது குளிசையில் உள்ள மருந்தின் அளவே அல்ல. இரண்டு குளிசைகளும் இரத்தத்தில் சேரும் விதத்தை ஒப்பிட்டு, அந்த விகிதத்தின் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, முழுவதும் நிற்கவேண்டிய எல்லை அது. சராசரி 80இல் இருந்தால் அந்தக் குளிசை தேறவே தேறாது. தரக்குறைவான மருந்து நாட்டுக்குள் வந்ததேயில்லை என்று சொல்லவில்லை, வந்திருக்கிறது. அது பதிவும் பரிசோதனையும் சறுக்கிய இடம், பேட்டன்டின் குற்றமல்ல.

பெயர் மயக்கம் காசோடு நிற்பதுமில்லை. கிளினிக்கில் தரும் கடதாசி உறையில் பிரஷர் மருந்தான அம்லோடிபின் 5 மி.கி. என்று கையால் எழுதியிருக்கும். பின்னேரம் பிரைவேட் டொக்டர் எழுதிய அட்டையில் வேறொரு பெயர் பெரிதாக மின்னும், அதன் கீழே பொடி எழுத்தில் அதே அம்லோடிபின். ஆள் இரண்டையும் போடுகிறார். கணுக்கால் வீங்குகிறது, எழும்பினால் தலை சுற்றுகிறது. உடனே வீக்கத்துக்கு மூன்றாவது மருந்து!

ஆகவே, அட்டையில் பெரிய எழுத்தை விடுங்கள், கீழே உள்ள சின்ன எழுத்தையும் மி.கி. அளவையும் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்க வராவிட்டால் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டப்படி டொக்டர் மருந்தின் பொதுப்பெயரையும் எழுதவேண்டும், எழுதாவிட்டால் கேளுங்கள். எஸ்ஆர் (SR), எக்ஸ்ஆர் (XR) என்று போட்டிருந்தால் அது மெதுவாக மருந்தை விடும் குளிசை, சாதாரணக் குளிசையை அதற்குப் பதிலாக எடுக்கக்கூடாது, உடைத்து விழுங்கவும் கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின், வலிப்புக்கான பெனிட்டொயின், தைரொயிட் குளிசை, அளவில் சிறு வித்தியாசமும் பாதிக்கக்கூடிய இந்த மூன்றிலும் மலிவு பார்த்துக் கொம்பனி மாற்றவேண்டாம். மாற்றியே ஆகவேண்டுமென்றால் டொக்டரிடம் சொல்லிவிட்டு, இரத்தப் பரிசோதனையோடு மாற்றுங்கள்.

அட்டையை வெட்டித் தரும்போது திகதி உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருக்கும் அத்தனை குளிசையையும், மாமாவுக்கு மிஞ்சியது உட்பட, கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் போட்டு ஒருமுறை கொண்டு வாருங்கள். கவுண்டரில் கொட்டிப் பிரித்துப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். காலையில் சனம் நெருக்கும், மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு வாருங்கள்.