உறையின் மேல் இரண்டு கையெழுத்து

"சார், இதுல பிளஸ் ஒன்னுன்னு போட்டிருக்கு சார்."

சில வருடங்களுக்கு முன்பு, பிளஸ் டூ இயற்பியல் தேர்வு தொடங்கும் நேரத்தில் ஒரு மாணவி சொன்னது இது. அந்தத் தேர்வு மையத்துக்கு நான்தான் முதன்மைக் கண்காணிப்பாளர். ஏழாம் அறையில் இருந்த ஆசிரியை, வழக்கம்போல வினாத்தாள் உறையைத் தூக்கிக் காட்டி, முத்திரை சிதையவில்லை என்பதற்குச் சாட்சியாக உறையின் மேல் கையெழுத்துப் போடும்படி இரண்டு பேரிடம் நீட்டியிருக்கிறார். முதலில் வாங்கிய பையன் பார்க்காமலே போட்டுவிட்டான். இரண்டாவதாகப் பேனாவை எடுத்த பெண் உறையைப் படித்தாள். உள்ளே இருந்தவை மறுநாள் நடக்கவேண்டிய பிளஸ் ஒன் இயற்பியல் தாள்கள்.

அப்போது மார்ச் மாதத்தில் இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வு மாறி மாறி நடக்கும். வினாத்தாள் கட்டுகளைப் பூட்டிவைக்கும் கட்டுக்காப்பு மையத்தில் நாள்வாரியாக அடுக்கியபோது ஓர் உறை இடம் மாறியிருந்தது. காலையில் கட்டைப் பிரித்த நான் உறைகளை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒவ்வோர் உறையின் முகப்பையும் படிக்கவில்லை. என்னோடு சேர்ந்து சரிபார்க்க வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த துறை அலுவலரும் படிக்கவில்லை. இருவருமாகப் பதிவேட்டில் சரிபார்த்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தோம். அந்தப் பெண்ணும் படிக்காமல் போட்டிருந்தால் இருபது வினாத்தாள்கள் ஒரு நாள் முன்பே வெளியே வந்திருக்கும். மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகளின் தேர்வு கேள்விக்குறி ஆகியிருக்கும்.

கூடுதலாக இருந்த உறையிலிருந்து அந்த அறைக்குத் தாள் கொடுத்தோம். இழந்த நிமிடங்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தோம். பிரிக்காத உறையை முத்திரையோடு திருப்பி அனுப்பி, நடந்ததை எழுத்தில் கொடுத்தேன். அன்று மாலை வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை.

இதை எழுதக் காரணம், இந்த வருடம் முதன்முறையாகத் தேர்வுப் பணிக்குப் போகும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி. "இவ்வளவு கையெழுத்து, இவ்வளவு பதிவேடு எதுக்கு சார்? திருடுறவன் எப்படியும் திருடத்தானே செய்வான்?" என்கிறார்கள். என் அனுபவத்தில், வினாத்தாள் ரகசியம் உடைவது பெரும்பாலும் பூட்டை உடைக்கும் திருடனால் அல்ல. சாவியை நம்பி ஒப்படைத்த ஆட்களின் அவசரத்தாலும், 'நம்ம பிள்ளைங்களுக்குத்தானே' என்ற பாசத்தாலும்தான் உடைகிறது.

வினாத்தாள் ஒரு பள்ளிக்கு வந்து சேரும் வழியைப் பாருங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து மாவட்டத்துக்கு வரும் கட்டுகள், கட்டுக்காப்பு மையத்தில் இரட்டைப் பூட்டு, கண்காணிப்பு கேமரா, துப்பாக்கி ஏந்திய காவலர் என்ற ஏற்பாட்டில் இருக்கும். தேர்வன்று காலை வழித்தட அலுவலர் அன்றைய கட்டுகளை மட்டும் வண்டியில் ஏற்றி மையம் மையமாக இறக்குவார். அங்கே முதன்மைக் கண்காணிப்பாளர், வேறு பள்ளியிலிருந்து வரும் துறை அலுவலர் முன்னிலையில் கட்டைப் பிரிப்பார். அறைக் கண்காணிப்பாளர்களுக்கு எந்த அறை என்பது அன்று காலைக் குலுக்கலில்தான் தெரியும். அன்றைய பாடத்தை நடத்தும் ஆசிரியரை அந்த நாளில் பணியில் போடுவதில்லை. பத்து மணிக்கு வினாத்தாள், படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், பத்தேகாலுக்கு எழுத ஆரம்பம். அறைக்கு இருபது பேர், உறைக்கு இருபது தாள். இத்தனை கைகள் மாறினாலும் எந்தக் கையும் தனியாக இருக்கக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. எங்கே ஒருவர் தனியாக வினாத்தாளோடு ஐந்து நிமிடம் இருக்கிறாரோ, அங்கேதான் ஓட்டை விழுகிறது.

2018ல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தாள் வெளியானது நினைவிருக்கும். மார்ச் 26 அன்று நடந்த அந்தத் தேர்வை நாடு முழுக்கப் பிள்ளைகள் ஏப்ரல் 25 அன்று மறுபடியும் எழுதினார்கள். காவல்துறை விசாரணையில் அந்தத் தடம் இமாச்சலப் பிரதேசத்தின் ஊனா வரை போனது. கணினி அறிவியல் தாளை எடுக்க வங்கிக்குப் போன தேர்வு மையப் பொறுப்பாளரே பொருளியல் உறையையும் சேர்த்து எடுத்துவந்தார் என்றார்கள். அதைக் கையால் எழுதிப் படியெடுத்ததுதான் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. வங்கிப் பெட்டக அறையின் பூட்டும் காவலும் அப்படியே இருந்தன. உள்ளே போக அனுமதி உள்ளவர் எந்த உறையை எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று படித்துப் பார்க்க ஓர் ஆள் இருந்திருந்தால் போதும்.

நம் ஓசூரில் 2015 மார்ச்சில் நடந்தது இன்னும் நெருக்கமாக வலிக்கிறது. பிளஸ் டூ கணிதத் தேர்வின்போது, தேர்வறைப் பணியில் இருந்த தனியார் பள்ளி ஆசிரியர் தரப்பிலிருந்தே வினாத்தாள் செல்போனில் படமாகி வாட்ஸ்அப்பில் போனது. கைது வரை போனது விவகாரம். தேர்வு தொடங்கிய பிறகுதானே எடுத்தார்கள் என்று சிலர் அன்று வாதாடியது காதில் விழுந்தது. தேர்வு தொடங்கிய பிறகு வெளியே போகும் தாள் விடையோடு உள்ளே திரும்பி வருவதற்குத்தான் போகிறது. அறையில் செல்போன் கூடாது என்ற விதி பிள்ளைகளைவிட நமக்குத்தான் முதலில். வராத மாணவர்களுக்கான மிச்சத் தாள்களை மேசையில் வைத்துக்கொண்டு புரட்டிக்கொண்டிருக்காமல், கேட்டு வாங்க வரும் முன்பே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கர்நாடகத்தில் 2016ல் இரண்டாம் ஆண்டு பி.யு.சி. (நம் பிளஸ் டூ போன்றது) வேதியியல் தாள் மார்ச் 21 தேர்வுக்கு முன்பே வெளியானது. மார்ச் 31க்கு மறுதேர்வு வைத்தார்கள். அந்தத் தாளும் வெளியாகி, கடைசியில் ஏப்ரல் 12 அன்றுதான் தேர்வு நடந்தது. ஒரே பாடத்துக்கு மூன்று முறை தயாரான பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை முதல் முறை எழுதும்போது இருக்கிற தெளிவு மூன்றாவது முறை இருக்காது. டியூஷனுக்கு வழியில்லாமல் தானே உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு அந்த மூன்று வாரத்தை யார் திருப்பித் தருவது?

நீட், ரயில்வே, யு.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளுக்காக மத்திய அரசு 2024ல் தனிச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. மூன்று முதல் ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். கூட்டுச்சதி என்றால் இன்னும் கூடும். சட்டம் வேண்டும்தான். ஆனால் வினாத்தாளைக் காப்பது காலை ஒன்பதரை மணிக்குக் கட்டைப் பிரிக்கும் மேசை. என் கவலையெல்லாம் அந்த மேசையைப் பற்றித்தான்.

பொதுத் தேர்வுக்கு இவ்வளவு கவனம் எடுக்கும் நாமே தளர்ந்துவிடும் இடம் ஒன்று உண்டு. மதிப்பெண் இல்லாத தேர்வுகள். தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பர் 12 அன்று நாடு முழுக்க 3, 5, 8, 10ஆம் வகுப்புகளில் நடந்தது. 1.18 லட்சம் பள்ளிகள், சுமார் 34 லட்சம் பிள்ளைகள். பரக் ஆய்வு என்ற பெயரில் 2024 டிசம்பர் 4 அன்று மறுபடியும் நடந்தது. இதில் எந்தப் பிள்ளைக்கும் பாஸ், ஃபெயில் கிடையாது. ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் எதில் நிற்கிறார்கள், எதில் விழுகிறார்கள் என்று பார்ப்பதற்கான தேர்வு.

இப்படி ஓர் ஆய்வைப் பார்வையிடப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு. கள ஆய்வாளர் வினாப் புத்தகத்தை விநியோகித்துக்கொண்டிருந்தார். வகுப்பாசிரியை வெளியே இருக்க வேண்டும். இருந்தார், ஆனால் வாசற்படியில். ஒரு பையன் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். அவர் புடவைத் தலைப்பின் மேல் மூன்று விரலை வைத்தார். பையன் மூன்றாவது வட்டத்தைக் கருப்பாக்கினான். கழித்தல் கணக்கு. கடன் வாங்கிக் கழிப்பது.

நான் அவரைத் திட்டவில்லை. மத்தியானம் பேசினேன். "பாவம் சார், என் பிள்ளைங்க. மேலதிகாரிங்க முன்னாடி மக்குன்னு பேர் வாங்கிடக் கூடாதுல்ல?" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தப் பிள்ளைகள்மேல் அவர் வைத்திருந்த பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. "அம்மா, அவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியலைன்னு இந்தக் காகிதம் சொன்னாத்தான் பயிற்சி வரும், புத்தகம் மாறும். தெரியும்னு சொல்லிட்டா யாருமே வரமாட்டாங்க" என்றேன். மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனால் தெர்மாமீட்டர் என்ன காட்டும்? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அது நியாயமான புகார். அறிவுரைக் கையேட்டில் 'ஆசிரியர் உள்ளே இருக்கக் கூடாது' என்று இருக்கிறது. ஏன் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வகை ஆய்வுகளின் வினாப் புத்தகத்தை ஒன்றுகூட விடாமல் திருப்பி வாங்குவதற்கும் காரணம் உண்டு. போன முறையோடு இந்த முறையை ஒப்பிட வேண்டுமானால் சில கேள்விகள் இரண்டிலும் பொதுவாக இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து 'அடுத்த வருஷத்துக்கு உதவும்' என்று ஆசிரியர் குழுவில் போட்டால், அந்தக் கேள்வி அன்றோடு செத்துப்போகிறது. ஒரு நல்ல கேள்வியை உருவாக்கி, பிள்ளைகளிடம் சோதித்துத் தேற்ற எத்தனை பேரின் உழைப்பு போகிறது என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

திருப்புதல் தேர்வு, அரையாண்டுத் தேர்வு வினாத்தாள்களும் இதே கதைதான். 2022 பிப்ரவரியில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுத் தாள்கள் சமூக ஊடகத்தில் முன்கூட்டியே வந்தன. 'திருப்புதல்தானே' என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய வருடம்தான் கொரோனாவால் பொதுத் தேர்வே ரத்தாகி, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், செய்முறை மற்றும் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைக் கூட்டித்தான் சான்றிதழ் கொடுத்தோம். எந்தச் சின்னத் தேர்வு எப்போது பெரிய தேர்வாகும் என்று நமக்குத் தெரியாது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் வந்துவிட்டால் டெலிகிராமில் 'நூறு சதவீதம் ஒரிஜினல்' என்று தாள் விற்பவர்கள் முளைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது பழைய தாளின் தேதியை மாற்றியதாகத்தான் இருக்கும். பணம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. 'இதுதான் வரும்' என்று நம்பிய பிள்ளை மிச்சப் பாடத்தைத் திறக்காமல் தூங்கிவிடும். மறுநாள் வேறு கேள்வி வரும்போது கை ஓடாது. அப்படி அறையில் உட்கார்ந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், 'உண்மையா?' என்று கேட்கக்கூட அனுப்பாதீர்கள். வந்த நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தலைமை ஆசிரியரிடமோ முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்திலோ காட்டுங்கள். கசிவு உண்மையா என்று கண்டுபிடிக்க அந்த நேரம்தான் முதல் ஆதாரம். தேர்வு தொடங்குவதற்கு முன்பு வந்ததா, பிறகு வந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எழுதி முடித்த பிறகும் ரகசியம் தொடர்கிறது. முகப்புத்தாளில் பார்கோடு வைத்து, திருத்துபவருக்குப் பெயரோ பள்ளியோ தெரியாதபடி விடைத்தாளை அனுப்புகிறோம். திருத்தும் முகாமில் வேடிக்கையான விடை ஒன்றைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுச் சிரிப்பது இப்போது அதிகமாகியிருக்கிறது. பெயர் இல்லையே என்பார்கள். அந்தக் கையெழுத்து அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அதன் அம்மாவுக்குத் தெரியும், அதன் வகுப்பு மொத்தத்துக்கும் தெரியும்.

கடைசியாக, புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு. தவறு நடக்கும். எனக்கு நடந்தது. உறை மாறி வந்திருந்தால், பிரிக்காமல் இருந்தால், அப்படியே வையுங்கள். தவறிப்போய்ப் பிரித்துவிட்டீர்கள் என்றால் அறையை விட்டு ஒருவரையும் வெளியே விடாமல் தாள்களை எண்ணித் திரும்ப வாங்கி, அந்த நிமிடமே மாவட்ட அலுவலகத்துக்குப் பேசுங்கள். மெமோ வரும் என்று பயந்து மறைக்காதீர்கள். பத்தேகாலுக்குச் சொன்னால் மறுநாள் தாளை மாற்ற அவர்களுக்கு ஒரு முழுநாள் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குத் தெரியவந்தால் அவர்களிடமும் ஒன்றும் இல்லை.

உறையில் கையெழுத்து வாங்கும்போது, "படிச்சுப் பார்த்துட்டுப் போடும்மா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வருடத்துக்குப் பிறகு என் மையத்தில் எல்லா அறையிலும் அதைச் சொல்ல வைத்தேன். பாடம், வகுப்பு, தேதி மூன்றையும் ஒரு மாணவர் சத்தமாகப் படிப்பார், அறை கேட்கும், பிறகுதான் பிளேடு. அரை நிமிடம்கூட ஆகாது.