ஆட்டிசம் உள்ளவருக்கு ஓட்டுநர் உரிமம்: மறுப்பை எழுத்தில் கேளுங்கள்

ஆட்டிசம் உள்ளவர் வாகனம் ஓட்டக் கூடாது என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ஒருவருடைய நோயோ குறைபாடோ, அவர் ஓட்டுவதைப் பொதுமக்களுக்கு ஆபத்தானதாக ஆக்கக்கூடும் என்றால் பழகுநர் உரிமத்தை மறுக்க வேண்டும் என்பதே 8ஆம் பிரிவின் சாரம். இந்த வேறுபாடு ஆர்.டி.ஓ. அலுவலக ஜன்னலில் மறைந்துபோகிறது.

26 வயது இளைஞர் ஒருவருக்குத் துணையாக நான் சென்றிருந்தபோது, தாள்களுக்கிடையே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கண்ட எழுத்தர், எதிரே நின்ற அவரை விட்டுவிட்டு அவருடைய தாயாரிடம், "தம்பிக்கு எதுக்கும்மா லைசென்ஸ்?" என்று கேட்டபடி தாள்களைத் திருப்பித் தள்ளினார். எந்தத் தாளிலும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. இப்படியே மூன்று முறை அலைந்தோம்.

மறுப்பதானால் காரணம் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக உத்தரவு தர வேண்டும் என்றும், அது கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் 17ஆம் பிரிவு கூறுகிறது. வாயால் சொன்ன மறுப்புக்கு எதிராக மேல்முறையீட்டு மனுவில் எதை இணைப்பீர்கள்? ஆகவே ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்து, விண்ணப்ப எண்ணோடு செல்லுங்கள். அலுவலகத்தில் முடியாது என்று சொன்னால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு உத்தரவு கேட்கும் கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள்; முத்திரையிட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

உடல்தகுதி பற்றி விண்ணப்பதாரரே உறுதிமொழி தரும் படிவம் 1இல், பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோயோ குறைபாடோ உண்டா என்றொரு கேள்வி இருக்கிறது. உங்களுக்கு ஆட்டிசம் உண்டா என்று அது கேட்கவில்லை. உங்கள் ஓட்டுதல் ஆபத்தாகுமா என்றே கேட்கிறது. அதை நேர்மையாக யோசித்துப் பதிலளியுங்கள். ஆட்டிசத்தோடு வலிப்பும் உள்ளவர்கள் உண்டு. வலிப்புக்குத் தனிக் கேள்வி இருப்பதால் அதை ஒருபோதும் மறைக்காதீர்கள், பொய் சொல்லிப் பெற்ற உரிமம் பிற்பாடு பறிபோகும். உங்களை நன்கறிந்த மருத்துவரின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் மேல்முறையீட்டில் உதவும்.

மாற்றுத்திறனாளி என்றாலே, உடல் குறைபாட்டுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட வாகனப் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். கை கால் இயக்கத்தில் தடை இல்லாதவர் அதற்கு இணங்கினால், சாதாரணக் கார் ஓட்ட முடியாத உரிமத்தோடு திரும்புவார்.

நாள் கணக்கிலும் கவனம் தேவை. பழகுநர் உரிமம் 6 மாதமே செல்லும். 30 நாள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போகலாம். டிரைவிங் ஸ்கூல்கள் 31ஆம் நாளே அனுப்பப் பார்க்கும். தோற்றால் 7 நாளும், மூன்று முறை தோற்றால் 60 நாளும் காத்திருக்க வேண்டும் என்பதால், தயாராகாமல் போனால் காலம் கரைந்துவிடும்.

முதல் தேர்வில் ஆய்வாளர் திருப்பம், ரிவர்ஸ், நிறுத்தம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல, அந்த இளைஞர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே காரை நிறுத்திவிட்டார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. நியாயமான வசதியை, அதாவது ஒருவரின் குறைபாட்டுக்கேற்பச் செய்து தர வேண்டிய பொருத்தமான மாற்றத்தை, மறுப்பதைப் பாகுபாடு என்றே அது வரையறுக்கிறது. ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லுமாறு அச்சட்டத்தைக் குறிப்பிட்டு, தேர்வு நாளுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். இரண்டாம் முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆய்வாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, "அடுத்த இடது" என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தார்.