சொட்டு விழாத கசிவு

வியாசர்பாடியில் ஒரு மெக்கானிக் ஷெட். செயின் பிளாக்கில் தொங்கிய எஞ்சினை ஆம்னி வேனுக்குள் இறக்கிப் பூட்டி முடித்திருந்தார்கள். வண்டியில் முன்பு இருந்தது கார்புரேட்டர் எஞ்சின். இப்போது ஏறியிருப்பது புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் வாங்கி வந்த எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. வண்டிக்காரத் தம்பிக்குப் பொறுமை இல்லை.

"ஸ்டார்ட் பண்ணிடலாமே அண்ணா, கீழ ஒரு சொட்டுகூட விழலையே."

"சொட்டு எங்க தம்பி தெரியும்? முள்ளப் பாரு" என்று, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலில் மாட்டியிருந்த பிரஷர் கேஜைக் காட்டினார் மெக்கானிக்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. சென்னை வெயிலில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, மெல்லக் கசியும் பெட்ரோல் தரைக்கு வந்து சேர்வதே இல்லை. குழாயின் மேலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் வண்டிக்கு அடியிலும், ஷெட்டில் தோண்டியிருக்கும் குழியிலும் போய்த் தங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். கணக்குப் போட்டால், ஒரு பாட்டில் மூடியளவு பெட்ரோல் கிட்டத்தட்ட நூறு லிட்டர் காற்றைப் பற்றக்கூடியதாக மாற்றிவிடும். ஆம்னியில் எஞ்சின் இருப்பதோ முன்சீட்டுக்கு அடியில்.

எஞ்சின் மாற்றும்போது கசிவு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தள்ளும் பழைய பம்ப் கொடுப்பது 0.2, 0.3 பார் அழுத்தம்தான். இன்ஜெக்டருக்கு 3 பார் வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட இது அதிகம். அழுத்தம் பத்து மடங்கானால், அதே ஓட்டை வழியாகப் போகும் பெட்ரோல் மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. இருபது வருஷம் ஒழுகாமல் இருந்த ஹோஸ், புது எஞ்சின் வந்த அன்றைக்கே ஒழுகுவதற்கு இதுதான் காரணம். போதாததற்கு, பழைய ஹோஸ் தான் மாட்டியிருந்த குழாயின் வடிவத்துக்கே இறுகிப் போயிருக்கும். கழற்றி மறுபடி மாட்டினால் முன்போல் பிடிக்காது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் வகைகள் சிலவற்றை ஊத வைத்து, நாளடைவில் விரிசலும் விட வைக்கும். ஆகவே பழைய ஹோஸை மிச்சப்படுத்துவதில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை. இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்றே வரும் ஹோஸையும் கிளாம்பையும் வாங்கிப் போடுங்கள்.

சரி, கேஜ் எப்படிக் கசிவைக் காட்டிக்கொடுக்கிறது? சைக்கிள் ட்யூபில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் காற்று இறங்க ராத்திரி முழுக்க ஆகும். கொஞ்சம் காற்று போனதும் மிச்சக் காற்று விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். திரவம் அப்படி விரியாது. அடைத்து வைத்த குழாயிலிருந்து சில துளி வெளியேறினாலே அழுத்தம் சடாரென விழும். கண்ணுக்குத் தெரியாத கசிவும் முள்ளில் தெரிவது இதனால்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. புதிதாக மாட்டிய குழாயில் காற்று அடைபட்டிருக்கும். அந்தக் காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, சின்னக் கசிவை மறைத்துவிடும். அதனால் மெக்கானிக் எஞ்சினைச் சுற்றாமல் சாவியை மட்டும் ஆன் செய்தார். பம்ப் இரண்டு மூன்று நொடி உறுமி நின்றது. ஆஃப் செய்து, திரும்ப ஆன். இப்படி நாலைந்து தடவை செய்து காற்றை விரட்டிய பிறகுதான் முள்ளைப் பார்க்க உட்கார்ந்தார். முள் மெதுவாக இறங்கியது.

எங்கே என்று கண்டுபிடிப்பதும் எளிய தர்க்கம்தான். மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை இடுக்கியால் அழுத்தி அடைத்ததும் முள் நின்றால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. டேங்கிலிருந்து வரும் ஹோஸை அடைத்ததும் நின்றால் கோளாறு பம்ப் வால்வில், அல்லது அங்கிருந்து வரும் குழாயில். இரண்டுக்கும் நிற்காவிட்டால் ரெயிலையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். மூக்கு ஒழுகும் இன்ஜெக்டர் வெளியே எதையும் காட்டாது. பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வரும்.

அன்றைக்கு இரண்டையும் அடைத்தும் முள் நிற்கவில்லை. ரெயிலைக் கழற்றி, மூன்றாவது இன்ஜெக்டரில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். நகத்தால் கிள்ளியதுபோல் ஓரத்தில் ஒரு வெட்டு. ஆயில் தொடாமல் காய்ந்தபடியே அழுத்தினால் ரப்பர் இப்படித்தான் வெட்டுப்படும். புதிய ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, திருகியபடி உள்ளே இறக்கினார். (டீசல் காமன் ரெயில் வண்டியில் இந்த வேலையே வேறு. அங்கே அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும், கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கிட்டே போகாதீர்கள்.)

முள் இப்போது அசையவில்லை. பவுடர் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்து, மறுபடி எல்லா இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சூட்டில் உலோகம் விரியும், அதிர்வில் கிளாம்ப் தளரும், ஆகவே இந்த இரண்டாம் சோதனை கட்டாயம்.

"முடிஞ்சுதா அண்ணா?"

"நேரா பெட்ரோல் பங்குக்குப் போய் டேங்க ஃபுல் பண்ணிட்டு வா. மூடிக்குக் கீழ இருக்கற ஹோஸு டேங்க் நிறைஞ்சாதான் ஒழுகும்."